மூன்று துளை என்றேன்

1998 மார்ச் 10, செவ்வாய்

எட்டாம் வகுப்புக் கணிதத் தாள்கள் இன்னும் நாற்பது கிடக்கின்றன. வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாசம். தங்கச்சி பரீனாவின் நிக்காஹ்வுக்கு ஐந்து கிழமைதான் இருக்கிறது.

பின்னேரம் மாப்பிள்ளை மசூரின் உம்மாவும் மாமிமாரும் வந்தார்கள். தேத்தண்ணியை ஊதிக்கொண்டே கேட்டார்கள்: "புள்ளைக்கு ஒப்பரேசன் கிப்பரேசன் ஒண்டும் நடக்கல்லத்தானே?" உம்மா இல்லை என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினைந்து வயதில் எனக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தார்கள். வலது அடிவயிற்றில் ஒரு சாண் தழும்பு. அதற்குப் பிறகு பேசி வந்த இரண்டு கலியாணமும் திரும்பிப் போயின. வயிற்றை வெட்டியவளுக்குக் கரு தங்காதாம். எந்தப் புத்தகத்தில் படித்தார்களோ! முப்பத்துநாலு வயதில் நான் சபூறா டீச்சர், அவ்வளவுதான்.

மார்ச் 11, புதன்

பரீனாவுக்கு வயிற்றுக்குத்து. விடியற்காலை தொப்புளைச் சுற்றி இருந்தது, பத்து மணிக்கு வலது பக்கம் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் அமத்திப் பார்த்தார். கையை எடுத்தபோதுதான் அவள் துள்ளினாள்.

"அப்பெண்டிக்ஸ். இண்டைக்கே எடுக்கணும் டீச்சர். சின்ன வெட்டுத்தான்."

எனக்கும் சின்ன வெட்டு என்றுதான் சொன்னார்கள்.

கொழும்பில் வயிற்றை வெட்டாமல் துளை போட்டு எடுக்கிறார்களாம். எங்கள் பள்ளிக்கூட அதிபரின் மனைவிக்குப் பித்தப்பையை அப்படித்தான் எடுத்தார்கள், அடுத்த நாளே எழும்பி நடந்தாராம். அதைச் சொன்னேன். டொக்டர் கோபப்படவில்லை.

"ஓம், நல்ல முறைதான். ஆனா பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ரோட்டுல போகணும். அதுவரைக்கும் இது பாத்துக்கொண்டு இருக்காது."

"இஞ்சயே வெட்டட்டும் ராத்தா, நோகுது" என்றாள் பரீனா.

"பொறு புள்ள. எல்லாம் உனக்காகத்தான்."

ஊசி போடச் சொல்லி, சொந்த விருப்பில் கூட்டிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்தேன். பொழுதுபட்டால் ஆமி ரோட்டை மூடிவிடும். விடியத்தான் போகலாம். மாமா ஸைனுலாப்தீன் தன் வேனைக் கொண்டுவருகிறார். மாப்பிள்ளை வீட்டாரிடம் கலியாண உடுப்பு எடுக்கப் போகிறோம் என்று சொல்லியாயிற்று. நல்லா யோசித்துத்தான் சொன்னேன். கெட்டிக்காரி!

மார்ச் 12, வியாழன் — கொழும்பு

ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன்.

அம்பாறை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் பரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி நடந்தாள். மகியங்கனைக்குக் கிட்ட, திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ராத்தா, நோவு நிண்டிட்டு."

நாங்கள் பட்ட சந்தோசம்! கடையில் நிறுத்தினோம். பிளேன்டீ கேட்டாள், பணிஸில் பாதி தின்றாள். "வாய்வுக் குத்தாக்கும். உடுப்ப மட்டும் எடுத்திட்டுக் கிறுகுவம்" என்று மாமா பகடி விட்டார். அவளும் சிரித்தாள். நானும்தான்.

கண்டிக்குப் பிறகு நடுங்கத் தொடங்கினாள். கொழும்பு வரும்போது வயிறு பலகை மாதிரி இருந்தது. யா அல்லாஹ், என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 13, வெள்ளி

டொக்டர் கடதாசியில் வரைந்து காட்டினார். வயிற்றுக்குள் காற்றடித்து ஊத வைத்தார்களாம். தொப்புளடியில் ஒரு துளையால் கெமராவை விட்டு, கீழே இரண்டு துளையால் நீண்ட மெல்லிய ஆயுதங்களை விட்டிருக்கிறார்கள். வெடிக்காத அப்பெண்டிக்ஸ் என்றால் அடியில் கட்டி, வெட்டி, பையில் போட்டு அந்தத் துளையாலேயே இழுத்து விடுவார்களாம். ஆனால் டீவியில் தெரிந்தது எல்லாம் சீழ். குடல் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அந்த ஆயுதத்தால் பிரிக்க முடியவில்லை. பிறகு நடு வயிற்றை மேலிருந்து கீழே திறந்துதான் கழுவியிருக்கிறார்கள்.

"வழியில நோவு திடீரெண்டு நிண்டதா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"அப்பதான் வெடிச்சிருக்கு."

பிளேன்டீ. பணிஸ். அப்போதுதான்.

ஊரில் அன்றைக்கே வெட்டியிருந்தால் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "மூணு நாளில வீட்ட போயிருப்பா."

மார்ச் 15, ஞாயிறு

கண் விழித்தாள். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் இரண்டு. தோள்மூட்டு நோகிறது என்றாள். உள்ளே அடித்த காற்றினால் அப்படி இருக்கும், போய்விடும் என்று தாதி மிஸ்ஸி சொன்னார். வயிற்றைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். போர்வையை நான் இழுத்து மூடினேன்.

"எத்தின ஓட்ட ராத்தா?"

"மூணு" என்றேன். "சின்னன் சின்னனா மூணு."

கண்ணை மூடிச் சிரித்தாள்.

மார்ச் 18, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். சீழ் வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 21, சனி

பரீனா மௌத்து. அசர் தொழுகைக்கு முந்தி.

மார்ச் 23, திங்கள்

நேற்று வீட்டில் குளிப்பாட்டினோம். துணிக்கு மேலால்தான் தண்ணீர் வார்ப்பது. ஆனாலும் வயிற்றுக் கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. குளிப்பாட்ட வந்த பெண்ணின் கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார்.

"மையித்தில கண்டத வெளிய சொல்ல மாட்டம் புள்ள. அது அமானிதம்."

ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன். ஒருவரும் சொல்லப்போவதுமில்லை.

மசூரின் உம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "என்னெண்டு புள்ள இப்பிடி?" ஒப்பரேசனில் என்றேன். ஒரு சொல். அதில் நான் எங்கேயும் இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்றைக்குத்தான் நிக்காஹ் வைத்திருந்தோம். உம்மா அவளுடைய அறையைக் கூட்டிவிட்டுப் பூட்டினார்.

செப்டம்பர் 2, புதன்

அடுத்த வளவு நதீராவின் மகள் றுஸ்தா என் வகுப்பு. இன்று பள்ளிக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் பாயில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடக்கிறாள். அப்பெண்டிக்ஸ், இன்றே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்ல, நதீரா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அடுப்பில் ஏதோ கசாயம்.

"கத்தி வெச்சா மௌத்துத்தான் டீச்சர். பரீனாட விசயத்தில கண்டம்தானே."

என் ஒரு சொல் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது!

கதவைச் சாத்தினேன். சாரியை விலக்கி என் வயிற்றைக் காட்டினேன். பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் காட்டியதில்லை.

"பாரு. என்னை வெட்டினாங்க, நான் இருக்கன். பரீனாவைக் கத்தி கொல்லல்ல நதீரா. அண்டைக்கே வெட்டணும் எண்டு டொக்டர் சொன்னாரு. தழும்பு வரும் எண்டு நாந்தான் விடல்ல. வழியில வெடிச்சிட்டு."

நதீரா எழும்பிப் போய்க் கசாயத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"இத ஆருக்கும் சொல்ல மாட்டன் டீச்சர்" என்றாள்.

"சொல்லு. எல்லாருக்கும் சொல்லு. இப்ப புள்ளையத் தூக்கு."

இருவருமாகத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். அஞ்சு மணிக்குத் தியேட்டருக்குள் எடுத்தார்கள்.

செப்டம்பர் 5, சனி

ஆஸ்பத்திரி வாட்டில் றுஸ்தா சுவரைப் பிடித்தபடி நடக்கிறாள். சிரித்தால் தையல் இழுக்கிறதாம், ஆனாலும் சிரிக்கிறாள். மிஸ்ஸி மருந்து கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவளுக்குக் குனிய முடியவில்லை.

"எத்தின தையல் டீச்சர்?"

"ஏழு" என்றேன். இந்த முறை எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன்.