‘வரலாங்களா’வில் தொலைந்த ‘ளா’

என் பிரியத்துக்குரிய ஏனுங்கவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து ‘ஏனுங்க’தான். கடிதத்திலும் அதுவே வருகிறது. இதைப் படிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நம் மூன்று ஜீப்புகளும் நலம். நானும் நலம்தான், கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வீடு திரும்பாத அந்த வாரத்தோடு, எஸ்டேட் மேல் பங்களாவுக்கு விருந்தாளிகளை ஏற்றிப்போகிற நம் ஓட்டமும் நின்றது. உங்கள் தம்பி ஒரு நாள் வந்து, “பொம்பள தனியா என்னங்க அண்ணி பண்ணுவீங்க? வித்துப்போடலாம்” என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். காபி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர்கள் முருகேசனும் ஜோஸும் எங்கும் போகவில்லை. கூடலூர்ப் பக்கம் நல்ல வேலை வந்தும் ஜோஸ் போகவில்லை. உங்கள் ஜீப்பை மட்டும் அவர்கள் தொடுவதில்லை. முன் வண்டி எப்போதும் உங்களுடையது, ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் அடிக்கிற ஹாரனை வைத்துத்தான் பின்னால் வருகிறவர்கள் வருவார்கள். எஸ்டேட் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன்.

“ஹாரன் கதையெல்லாம் அவரோட போச்சும்மா. கொழுந்து ஏத்துற டிராக்டரும் அதே ரோட்டுலதான் வருது. ஒரு வண்டிக்கு மேல ஒதுங்க இடமில்ல. வண்டிக்கு வண்டி பேசிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா ரோட்டைத் தர முடியாது” என்றார்.

அவர் சொன்னது நியாயம். தேயிலை ஃபேக்டரி தாண்டினால் போனில் ஒரு கோடுகூட சிக்னல் இருக்காது. ஆகவே வாக்கி டாக்கி வாங்கக் கோயம்புத்தூர் போனேன். நம் ஆட்கள் அதை ‘செட்’ என்றுதான் சொல்கிறார்கள். உங்களைக் கட்டிக்கொள்ள நான் இவ்வளவு யோசிக்கவில்லை. ஒரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய செட்டை எடுத்து வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும் என்றார். “நடுவுல மலை இருந்தா?” என்று கேட்டேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மலையைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை. அதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டுமே என்றேன். “அந்தக் காட்டுக்குள்ள யாருங்க வந்து பாக்கப் போறாங்க?” என்றார். அந்தக் காட்டில்தான் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வனத்துறை ஆட்கள் யானை எங்கே நிற்கிறது என்று பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் நம் முருகேசன் போய் டீ குடித்த கதையைச் சொன்னால் என்ன ஆகும்? வேண்டாம் என்றேன்.

லைசென்ஸ் தேவைப்படாத சின்ன செட்டுகளில் ஒரு ஜோடியை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வந்தேன். டேஷ்போர்டில் பொருத்துகிற வகை எனக்கு வேண்டாம். பாறையில் சக்கரம் ஏறும்போது இறங்கி நின்று வழிகாட்டுகிறவன் கையிலும் செட் இருக்க வேண்டுமே. மழையில் நனைந்தால் கெடக்கூடாது, டீசல் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும், ஜீப்பிலேயே சார்ஜ் ஏற வேண்டும். எல்லாவற்றிலும் அது தேறியது. நான்தான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்தாளிகள் யாரும் இல்லாமல் ஒரு காலை வேளையில் ஓட்டிப் பார்த்தோம். மேலே ஜோஸ், அவன் பக்கத்தில் நான். பம்ப் ஹவுஸ் வளைவுக்குக் கீழே முருகேசன். மேகம் இறங்கி, பானட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. செட் கரகரத்தது. முருகேசன் குரல் சுத்தமாகக் கேட்டது: “வரலாங்க.”

“சரி” என்று சொல்லிவிட்டு ஜோஸ் இறக்கத்தில் விட்டான். வளைவில் திரும்பியதும் வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு ஹெட்லைட்டுகள் எங்களைப் பார்த்து ஏறி வந்தன. ஜோஸ் மிதித்த மிதியில் வண்டி பக்கவாட்டில் சறுக்கி, பள்ளத்துப் பக்கம் ஒரு சக்கரம் விளிம்பில் போய் நின்றது. இரண்டு பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடமில்லை.

இறங்கப் போனவள் ஃபுட்போர்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள்மேல்தான் கோபம் வந்தது. இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே என்று வாய்விட்டே திட்டினேன். அவர்கள் இரண்டு பேரும் காது கேட்காத மாதிரி நின்றார்கள்.

பிறகு அவர்களுக்குள் பிடித்துக்கொண்டது.

“நான் கேட்டனுங்க்கா! வரலாங்களான்னு மருவாதியாத்தான் கேட்டேன். இவன் சரின்னான், ஏறிட்டேன்” என்றான் முருகேசன்.

“சேச்சி, இவன் வரலாங்கன்னுதானே பறஞ்சான்! ரோடு காலி, வரச் சொல்றான்னு நான் இறங்கினேன். நீங்களும் கேட்டீங்கல்லோ?” பதறினால் ஜோஸுக்கு மலையாளம் கலந்துவிடும்.

நானும்தான் கேட்டேன். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஃபேக்டரி முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு மூலையில் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னேன். அப்போதுதான் பிடிபட்டது. பேசி முடிக்கிறவரை அழுத்திப் பிடிக்க வேண்டிய பட்டனிலிருந்து, முருகேசன் பேச்சை முடிக்கும் முன்பே விரலை எடுத்துவிடுகிறான். ‘வரலாங்களா’வில் கடைசி ‘ளா’ காற்றோடு போய்விடுகிறது. மிஞ்சுவது ‘வரலாங்க’. கேள்வி கேட்டவன் வாயிலிருந்தே அனுமதி வந்துவிடுகிறது. நம் பக்கத்துப் பேச்சில் மட்டும்தான் ஓர் எழுத்து இப்படி ஆளைக் கொல்லப் பார்க்கும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். விரலை எடுத்தால் பீப் அடிக்கிற செட் இருக்கிறது, கொஞ்சம் உயர்ந்த ரகம் என்றார். பேச்சு முடிந்தது என்று பீப் சொல்லும், விழுந்த ‘ளா’வைப் பொறுக்கிக் கொடுக்குமா? சின்ன செட்டே போதும், மூன்றாவது வண்டிக்கும் ஒன்று அனுப்புங்கள் என்றேன். மாற வேண்டியது நாங்கள்தான்.

செட்டில் கேள்வியே கூடாது என்று சட்டம் போட்டேன். நிற்கிறவன் ‘நிக்கறேன்’ என்று சொல்ல வேண்டும், இறங்குகிறவன் ‘இறங்கறேன்’ என்று சொல்ல வேண்டும். கேட்டவன் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வண்டி நகரக்கூடாது. கடைசியில் ‘ங்க’வும் வேண்டாம். முருகேசனுக்கு அதுதான் பெரிய சங்கடம்.

“அக்காகிட்டப் போயி மொட்டையா எப்படீங்க்கா பேசறது? அண்ணன் கேட்டா என்ன நெனைப்பாரு?”

நீங்கள் ஒன்றும் நினைக்கமாட்டீர்கள் என்றேன். சரிதானே? இப்போது அவன் பட்டனை அழுத்தி ‘நிக்கறேன்’ என்கிறான். விரலை எடுத்துவிட்டு, வெறும் காற்றைப் பார்த்து ‘ங்க’ என்கிறான். ஜோஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நீங்கள் போன பிறகு நானும் அன்றுதான் சத்தமாகச் சிரித்தேன்.

மேனேஜர் தானே வந்து ஜீப்பில் கூட உட்கார்ந்து, மேலே போய்க் கீழே இறங்கினார். டிராக்டர் டிரைவருக்கும் ஒரு செட் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். ரோடு கிடைத்துவிட்டது. “முன் வண்டி யாரும்மா எடுக்கறது?” என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். நீங்கள் முற்றத்தில் ஓட்டப் பழக்கியதற்குப் பிறகு லைசென்ஸ் எடுத்து, இந்த ரோட்டில் காலி வண்டியை எத்தனையோ முறை ஏற்றி இறக்கிவிட்டேன். ஆனாலும் உங்கள் சீட்டில் உட்காரும்போதெல்லாம், உட்காரலாங்களா என்று மனசுக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். பதில் வருவதில்லை. பதில் வராவிட்டால் நகரக்கூடாது என்று சட்டம் போட்டவளும் நானே. அந்தச் சட்டப்படி பார்த்தால், ஆயுசு முழுக்க நான் ஷெட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி உங்களிடமும் கேள்வி கேட்கமாட்டேன், சொல்லிவிட்டுப் போவேன். ஞாயிற்றுக்கிழமை காலை விருந்தாளிகள் வருகிறார்கள். முன் வண்டியை நான் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
சரசு