மோட்டார் பாடமும் ஒரு மெமோவும்

இன்று மதியம் ஸ்டாஃப் ரூமிலிருந்து அரிசிம்பருப்புச் சாதத்தின் மணம் என் அறைவரைக்கும் வந்தது. யாரோ நெய்யைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. "வாங்க மேடம், சாப்புட்டீங்களா?" என்று ஆளுக்கொரு நாற்காலியை நகர்த்தினார்கள். ஆச்சுங்க என்று பொய் சொல்லிவிட்டு வந்து, என் டப்பாவைத் தனியாகத் திறந்தேன்.

நீ இருந்தால் என்னைத் தனியாகச் சாப்பிட விட்டிருப்பாயா? பதினொரு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். நான் தமிழ், நீ அறிவியல். "ஏன் அம்மணி, இன்னைக்கும் தக்காளித் தொக்குத்தானா? உங்கூட்டுல வேற ஒண்ணும் செய்யத் தெரியாதா?" என்று என் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, உன்னுடையதை என் பக்கம் தள்ளுவாய்.

அப்புறம் நான் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனேன். ஆன இரண்டாம் மாதமே அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாகச் சொன்னார்கள். பதிவேடுகளைச் சரிபார்த்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்தேன். உன் பத்தாம் வகுப்பில் ஒரே கூச்சல். கிணத்துக்கடவில் இருக்கும் உங்கள் தோட்டத்திலிருந்து பழைய பம்ப்செட் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, பிள்ளைகளிடம் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தாய். உன் கையெல்லாம் கிரீஸ். நான் உள்ளே வந்து பாடக்குறிப்பு நோட்டைக் கேட்டேன்.

"எங்க எழுதறது அம்மணி? நீயே பாரு, புள்ளைக எப்புடிக் கேக்கறாங்கன்னு."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பிள்ளைகள் முன்னால் அம்மணியா? "கிளாஸ்ல மேடம்னு கூப்புடுங்க டீச்சர். பாடக்குறிப்பு இல்லாம என் ஸ்கூல்ல யாரும் பாடம் எடுக்கக் கூடாது" என்றேன். சாயங்காலம் விளக்கம் கேட்டு உனக்கு மெமோ கொடுத்தேன். ஆணவம்தான், வேறென்ன?

அதற்குப் பிறகு உன் நோட்டில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். வகுப்பில் அதை நீ வாசித்தாய், பிள்ளைகள் எழுதினார்கள். கூச்சலே இல்லை. "உங்க ஸ்கூல் ரெக்கார்டெல்லாம் பக்காவா இருக்குதுங்க" என்று அதிகாரி பாராட்டியபோது பூரித்துப்போனேன். நல்ல டீச்சர் ஒருத்தியைக் குமாஸ்தா ஆக்கிவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்ட மகராசி நான்! சாப்பாட்டு மேஜைக்கும் நீ அப்புறம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நீ படுத்த படுக்கையாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டு உன் வீட்டுக்கு வந்தேனே, மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்னைப் பார்த்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாய். முடியவில்லை.

"எந்திரிக்க முடியலீங்க மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க."

அதற்கப்புறம் என் வாயில் என்ன வரும்? "பரவால்லீங்க டீச்சர், ரெஸ்ட் எடுங்க" என்றேன். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது பேசுகிற அதே குரலில். பத்து நாள்கூட ஆகவில்லை, நீ போய்விட்டதாகச் செய்தி வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மோட்டாரைப் பிரித்த அன்றைக்கு நான் உடனே வகுப்புக்குள் வரவில்லை. ஜன்னல் ஓரமாகப் பாதி பீரியட் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஓடிய மோட்டார் எதனால் சுற்றுகிறது என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது, அம்மணி.