மாமா வாயில் குத்திய முள்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் வெறுங்கை. பாலத்துத் தூண்களில் சிப்பி ஒட்டிய இடத்தில்தான் பிரீம் மீன் மேயும் என்கிறார்கள். மேயத்தான் செய்கிறது. ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில் ரப்பர் புழுவைக் கோத்து இறக்கி, லேசாகச் சுண்டிவிட்டு, அப்புறம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவில்லை. நுனியில் 'டிக் டிக்' என்றதுமே வெடுக்கென்று இழுத்துவிடுகிறேன். மேலே வருவது வால் போன புழு. மூக்குக்கண்ணாடிக் கடையில் மயிரிழை பிசகாமல் லென்ஸ் பொருத்துகிற கை இது!

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் செய்தித்தாளை இறக்காமலே, "உம் புருஷன் மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டுட்டு வந்தாச்சாம்மா?" என்றார். என்னிடம் கேட்க வேண்டியதை எப்போதும் மகளிடம்தான் கேட்பார். அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மீன் கடையில் பிரீம் கிடந்தது. நல்ல பெரிசு. "சுத்தம் பண்ணித் தரவாண்ணே?" என்றார் கடைக்காரர். "வேண்டாம், முழுசாவே குடுங்க" என்றேன். வெட்டிச் சுத்தம் செய்த மீனை நான் பிடித்தேன் என்று சொல்ல முடியாதே. அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது.

மாமா எழுந்து சமையலறைக்கே வந்தார். மீனைத் தூக்கிப் பார்த்தார். "ரப்பர்லயா பிடிச்சீங்க, மாப்பிள்ளை?" என்றார். மாப்பிள்ளை! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மச்சானுக்குப் போன் போட்டு வேறு சொன்னார். எனக்கு ஜில்லென்று இருந்தது. அதுதான் கேவலம்.

மார்ச் 11, திங்கள்

நேற்றே எழுதியிருக்க வேண்டியது.

பொரித்த மீனின் தலை மாமாவுக்குப் போனது. இரண்டாவது வாயிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "முள்ளு" என்றார். "மீன்னா முள்ளு இருக்காதாப்பா? தண்ணி குடிங்க" என்றாள் இவள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். தாடையில் ரத்தம் வழிந்தது. அது மீனின் முள் இல்லை. தூண்டில் முள்.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார், தையலும் போட்டார். எடுத்ததைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். நீளமான மெல்லிய முள். யாரோ இறால் கோத்துப் போட்டது; மீன் தொண்டைவரை விழுங்கியிருக்கிறது. என்னுடையது குட்டையானது, தலையில் ஈயக் குண்டு இருக்கும். தூண்டில் தொட்டவன் எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பிடிச்ச மனுஷனுக்கு முள்ளை எடுக்கணும்னு தெரியாதா? நம்ம பாப்பா தின்னிருந்தா?" என்றாள்.

"மறந்துட்டேன்."

அடப்பாவி! அப்போதுகூட நான் மீன் பிடித்தவனாகவே இருக்கப் பார்த்தேனே! கடையிலேயே சுத்தம் செய்யச் சொல்லியிருந்தால் முள் அங்கேயே வந்திருக்கும். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன். மாமா வீங்கிய வாயோடு எனக்காகப் பேசினார்: "விடும்மா. செய்யறவன் கையிலதான் தப்பு வரும்."

மார்ச் 12, செவ்வாய்

மாமா எல்லாவற்றையும் உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கிறார்.

மார்ச் 14, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அவரும் வருகிறாராம். எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். தொப்பியைத் தேடி எடுத்து வைத்துவிட்டார்.

மார்ச் 16, சனி

சொல்லிவிட்டேன். பால்கனியில், தரையைப் பார்த்துக்கொண்டே. "மாமா, அந்த மீன் நான் பிடிக்கலை. கடையில வாங்கினது."

கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, "என்னைக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லைன்னா நேரா சொல்லுங்க மாப்பிள்ளை. இதுக்கு ஏன் சுத்தி வளைக்கிறீங்க?" என்றார். முகம் சுருங்கிவிட்டது. தொப்பியை எடுத்து அலமாரிக்குள் வைக்கப் போனார்.

உண்மையைச் சொன்னால் இப்படியா ஆகும்? "ஐயோ, வாங்க மாமா, போலாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 17, ஞாயிறு

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக் டிக். இழுத்தேன். வால் போன புழு. மறுபடியும். மறுபடியும். முதலில் "அடடா" என்றார். அப்புறம் என் கையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது மீன் கடைக்காரர் உரக்கக் கூப்பிட்டார்: "அண்ணே, இன்னிக்கும் முழுசாவே வேணுமா?"

மாமா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

வாசலில் இவள், "மீன் எங்கப்பா?" என்றாள்.

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாட்டுச்சும்மா... சின்னது... மாப்பிள்ளை விட்டுட்டார்" என்றார்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாமல் ஏறிய சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டவர். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, வார்த்தை தடுமாறியது. என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல. ஒண்ணும் மாட்டலை. போன வாரமும் மாட்டலை. அது கடை மீன். அந்த முள்ளு என்னுதே இல்ல."

மனசு லேசாகும் என்றுதான் சொன்னேன். அவர் இப்போது சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் உடைக்கிறேன் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"அப்பா... நீங்களுமா?"

மாமா மகள் முன்னால் தலை குனிந்து நின்றார். "தப்புதாம்மா" என்றார். செய்தவன் பக்கத்தில் நிற்கிறேன்; தப்பு என்று சொன்னவர் அவர்.

மார்ச் 24, ஞாயிறு

எங்கள் இருவரிடமும் அவள் இன்னும் பேசவில்லை. நான் பாலத்துக்குப் போகவில்லை. காலையில் மாமா தானே அடுப்படிக்குப் போய் டீ போட்டார். எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தார். ஒரே சர்க்கரை. இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.