கண் வைத்த ஈய ஆள்

4-6-78, ஞாயிறு

இன்றும் என் ஈய ஆளுக்கு இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. மாக்கல் அச்சில் அந்த மூலையில் காற்று மாட்டிக்கொள்கிறது. ஈயம் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இங்கே இடமில்லை’ என்று திரும்பிவிடுகிறது.

அப்பாவின் பேட்டரிக் கடையில் செத்துப்போன பேட்டரிகளின் ஈயம், கொல்லையில் ஒரு கரி அடுப்பு, அம்மா கழித்துப்போட்ட குழிக்கரண்டி. இவ்வளவுதான் என் தொழிற்சாலை. உற்பத்தி: ஒரு சாண் நீளத்தில் ஒரு ஜீப். கூடலூரிலிருந்து குமுளிக்கு மலை ஏறுகிற அசல் ஜீப் மாதிரியே. டின் தகட்டில் உடம்பு முடிந்தது. சக்கரம், ஸ்டியரிங், முன்விளக்கு எல்லாம் வார்த்தாயிற்று. இனி ஆட்கள்தான். அசல் ஜீப் என்றால் உள்ளே இருப்பவனைவிட வெளியே தொங்குகிறவன் அதிகம் வேண்டும். முழங்கையோடு போனவன் எப்படித் தொங்குவான்?

சுண்டுவிரல் நீள ஆளுக்கு முகம் செதுக்க எனக்கு வராது. மொழுமொழுவென்று விட்டுவிட்டேன். நல்லதுதான். ‘ஏலே, இது நான்தானே?’ என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

9-6-78

அடுத்த வீட்டுச் சங்கிலியம்மாள் பெரியம்மா அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார். பெயரில்தான் சங்கிலி, நாக்குக்குக் கிடையாது.

“ஒங்க மவன் கொல்லையில பொணம் எரிக்கிற மாதிரி பொகையக் கெளப்புறான். எங்க வீட்டுச் சோத்துல கூட அந்த நாத்தம் அடிக்குது.”

அப்பா கரண்டி, ஈயக்கட்டி, வார்த்து வைத்த ஆட்கள் எல்லாவற்றையும் அள்ளித் தெருவில் வீசினார். கூடவே அவர் வார்த்த வார்த்தைகளை எழுதினால் இந்த நோட்டு கருகிவிடும். மாக்கல் அச்சை மட்டும் பனியனுக்குள் ஒளித்துக்கொண்டேன். பிறகு போய்த் தேடினேன். ஓர் ஆள்தான் கிடைத்தான். மற்றவர்களையும் கரண்டியையும் ஈயக்கட்டியையும் யார் பொறுக்கினார்களோ!

11-6-78, ஞாயிறு

பழி தீர்த்தாயிற்று!

உச்சி வெயில் நேரம். ஆனால் வெயில் இல்லை. குமுளிப் பக்கமிருந்து சாரல் காற்று வந்து தெருவையே கூட்டிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் கதவு சாத்தித் தூக்கம். மிஞ்சிய ஆளுக்கு மஞ்சள் நூல் சுற்றி, பாதி எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி, அதன்மேல் படுக்கவைத்துப் பெரியம்மா வாசற்படியில் வைத்தேன். ஓடிவந்து ஜன்னலில் நின்றுகொண்டேன்.

குடத்தோடு கதவைத் திறந்தார். அலறப் போகிறார் என்று காதைப் பொத்தினேன். அலறவில்லை. குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலறியிருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

12-6-78

ஊர் முழுக்க ஒரே பேச்சு. செய்வினை. பெரியம்மா மகன் கர்ணன் அண்ணனின் ஜீப் காலையில் மலைப்பாதையில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். ஆளுக்கு ஒன்றுமில்லை.

அச்சில் வந்த ஆள். அச்சு முறிந்த ஜீப். அச்சத்தில் ஊர். நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

16-6-78, வெள்ளி

பெரியம்மா வீட்டுக்கு அம்மாவாசி கோடாங்கியை அழைத்து வந்தார்கள். குறி சொல்கிறவர். உடுக்கையை ஓங்கி அடித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, நிறுத்தியதே தெரியாத மாதிரி மெதுவாகச் சொன்னார்:

“வெளியூர்க்காரி. ஒத்தையில இருக்கா. குழாயடியில ஒன்கூட வாய் வளத்தவ.”

இதைச் சொல்ல உடுக்கை எதற்கு? குழாயடியில் யார் சண்டை போட்டார்கள் என்று எங்கள் தெருக் கோழிக்கும் தெரியும். தெருமுனையில் பணியாரம் சுட்டு விற்கிற அக்கம்மாள்தான். மயிலாடும்பாறைக்காரி. புருஷன் இருக்கிறானா, போய்விட்டானா என்று யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

18-6-78

அக்கம்மாள் சுட்ட பணியாரத்தை இன்று யாரும் வாங்கவில்லை. நானும்தான்.

22-6-78

ஊர்ப் பெரியவர் தங்கபாண்டி மாமா சாவடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆடி பிறப்பதற்குள் அக்கம்மாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து மாமாவுக்கு வலது கால் கோணல். அதை இழுத்துக்கொண்டே எழுந்து, “இம்புட்டுத்தான் பேச்சு” என்றார்.

வரும் வழியில் பயல்கள் அவள் ஓட்டின்மேல் கல் எறிந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சொல்லிவிட வேண்டும். நாளைக்கே. அப்பா தோலை உரிப்பார், உரிக்கட்டும். அவள் எங்கே போவாள்?

23-6-78

சொல்லவில்லை.

25-6-78, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

பெரியம்மா வீட்டுக் கோழிக்கூண்டில் இன்னொரு ஆள். நான் வைக்கலை. சத்தியமா நான் வைக்கலை. மத்தியானம் கூட்டம் கூடியது. கர்ணன் அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். என் ஆள்தான்! இடது கை முழங்கையோடு நிற்கிறது. வேறு யார் ஆளுக்கு அப்படி நிற்கும்? ஆனால் சின்னவன். என் ஆளைவிட ஒரு நெல் அளவு குட்டை.

அது மட்டுமில்லை.

என் ஆளுக்கு முகம் கிடையாது. இவனுக்குக் கண் இருக்கிறது. இரண்டு கண். ஆழமாக. என்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. ஈயம் எப்படிடா பார்க்கும்? ஆனா பார்த்துச்சு.

26-6-78

டிரங்குப் பெட்டியின் அடியில் மாக்கல் அச்சு வைத்தது வைத்தபடி இருக்கிறது. எடுத்து உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது. எனக்கு ஏன் தடவத் தோன்றியது?

யோசித்தேன். போன வருடம் களிமண் அச்சில் சக்கரம் வார்த்தபோது நினைத்ததைவிடச் சிறிதாக வந்தது. மண் காயும்போது சுருங்கும். யாரோ என் ஆளைக் களிமண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். குட்டையானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கண்ணுக்கு?

5-7-78

தங்கபாண்டி மாமா வீட்டு அரிசிப் பானைக்குள் ஒன்று கிடைத்தது. அத்தை சோற்றுக்கு அரிசி அள்ளும்போது கையில் தட்டியிருக்கிறது. பார்த்தவர்கள் சொன்னார்கள்: கண் இருக்கிறது. வலது கால் கோணல்.

மாமா சாயங்காலம் சாவடிக்கு வரவில்லை. ஆடி பிறப்பதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

7-7-78

கல் எறிந்த பயல்கள் இப்போது தெருவின் அந்த ஓரமாக நடக்கிறார்கள். அக்கம்மாள் கடையில் உட்கார்ந்து பணியாரம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். வாங்க ஆளில்லை. திட்டவும் ஆளில்லை. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது.

9-7-78, ஞாயிறு

போய்விட்டேன். மத்தியானம், தெரு தூங்குகிற நேரம் பார்த்து அவள் வீட்டுக்குள் நுழைந்து, நுழைந்த வேகத்தில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, மொத ஆளு நான் வச்சது. பெரியம்மாவப் பயமுறுத்தணும்னு... வெளையாட்டுக்கு...”

“தெரியும்” என்றாள். பணியாரக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ வாசப்படியில வைக்கையில நான் குழாயடியில நின்னேன்.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா? பேட்டரிக் கடைக்காரக மவன நம்புவாகளா, மயிலாடும்பாறைக்காரிய நம்புவாகளா?”

மூலையில் காய்ந்த களிமண் பாளங்கள் இருந்தன. பக்கத்தில் ஈயம் ஒட்டிய கரண்டி. அப்பா அன்று தெருவில் எறிந்த என் கரண்டி. வரிசையாக என் ஆட்கள்.

“இதெல்லாம் நீங்களா?”

“ஒன்னயப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். தெனமும் மதிலுக்கு மேல பொகை வரும், எட்டி நின்னு பாப்பேன். தெரு தூங்கையில கொண்டுபோயி வைக்கிறதும் ஒன்னயப் பாத்துத்தான்.” பணியாரம் திருப்புகிற ஊசியைத் தூக்கிக் காட்டினாள். “கண்ணுக்கு இது. ஒன்னோடது குருட்டு ஆளு. குருட்டு ஆளுக்கு எவன் பயப்படுவான்?”

அவ்வளவுதானா! சிரிப்பே வந்துவிட்டது. “மாமாவோட காலைக் கூட அப்படியே வளைச்சிட்டீங்களேக்கா!”

ஊசி நின்றது.

“காலு நான் வளைக்கல. மண்ணு காயையில தானா வளைஞ்சிருந்துச்சு. ஆளை வெளிய எடுத்துப் பாத்த பொறவுதான் இது யாருக்குன்னு தோணுச்சு.”

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“நான் தங்கபாண்டி மாமாகிட்டப் போயிச் சொல்லிடுறேன்க்கா. நீங்க ஒண்ணும் பண்ணலைன்னு.”

“ஒண்ணும் பண்ணாத பொம்பளைன்னு தெரிஞ்சுதானே தைரியமாக் கல்லெறிஞ்சாக? இப்ப எவனாச்சும் எறியிறானா?” முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “நீ போயி உண்மையச் சொல்லு. அன்னைக்கே என் சாமான் தெருவுல கெடக்கும். அப்புறம் நான் எங்கன போறதுன்னும் நீயே சொல்லு.”



ஒரு பணியாரத்தை இலையில் வைத்து நீட்டினாள். தின்றேன். தின்னாமல் இருக்கப் பயமாக இருந்தது.

17-7-78

ஆடி பிறந்துவிட்டது. அக்கம்மாள் போகவில்லை.

சங்கிலியம்மாள் பெரியம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு அவள் வீட்டுக்குப் போனார். கர்ணன் அண்ணனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். வரும்போது முந்தானையில் விபூதி முடிந்திருந்தார்.

20-7-78

கர்ணன் அண்ணன் ஜீப் எடுத்துவிட்டார். மாத்திரையும்தான் சாப்பிட்டார். அதை யாரும் சொல்வதில்லை. நான் சொன்னேன். “அவுகளப் பத்தி அப்படிப் பேசாதடா” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இந்த ஊரிலேயே பெரிய வேடிக்கை என்னிடம்தான் இருக்கிறது. ஒருவரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாது. சொன்னால் ஒரு பொம்பளை தெருவில் நிற்பாள்.

2-8-78

தங்கச்சி பூமாரிக்கு மூன்று நாளாக உடம்பு அனலாகக் கொதிக்கிறது. டாக்டர் ஊசி போட்டும் இறங்கவில்லை. அம்மா தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய்.

“அக்கம்மாகிட்டப் போயி விபூதி வாங்கிட்டு வாடா. செருப்பு போட்டுட்டுப் போகாத.”

அம்மா, அது நான் வார்த்த ஆளும்மா. அவள் திருப்புவது பணியாரம்மா. நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே பூமாரி எதையோ உளறினாள். தட்டை வாங்கிக்கொண்டேன்.

அங்கே பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கபாண்டி மாமா வீட்டு அத்தையும் இருந்தார்கள். என் முறை வந்தது. அக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஓரக்கண்ணால் சிரிப்பார், எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சிரிப்பு ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரோ எவரோ என்பது மாதிரி பார்த்துவிட்டு, கண்ணை மூடி, விபூதியை எடுத்து நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“காய்ச்சல் எப்ப எறங்கும்?”

நான்தான் கேட்டேன்.