நன்றி, லோவெல்

என் மகளுக்கு,

செவ்வாய்தோறும் நூலகத்தில் சிக்கனக் குறிப்புகள் சொல்லிக்கொடுக்கிறேன். "கடையில பில் போடறப்போ போன் நம்பரைத் தட்ட மறக்காதீங்க. புள்ளி சேந்தா அவங்க பங்க்குல பெட்ரோல் விலை குறையும்" என்பேன். இறந்தவர் பெயரில் இருக்கும் கணக்கை உடனே மூடச் சொல்வதும் உண்டு. நான் மட்டும் இன்னும் உன் அப்பாவின் எண்ணைத்தான் தட்டுகிறேன். ரசீதின் அடியில் "நன்றி, லோவெல்" என்று வருகிறது.

போன மாதம் பில் போடும் வெர்லீன் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர் கடையையே தூக்கிட்டுப் போறாரு போல! எவ்ளோ புள்ளி!"

நான் வாங்குவது ரொட்டியும் முட்டையும்தான். அன்றிலிருந்து அவருடைய நாற்காலிப் பக்கத்து விளக்கை நான் அணைப்பதில்லை.

நேற்று அவர் பெயருக்குத் தபாலில் தள்ளுபடிச் சீட்டுகள் வந்தன. "நீங்கள் அடிக்கடி வாங்கும் பொருட்களுக்கு" என்று போட்டிருந்தது. அத்தனையும் பிறந்த குழந்தைக்கான டயப்பர், பால்மாவு.

அந்த எண்ணை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

அப்பாவின் அடக்கத்தன்று நமக்குள் நடந்த பேச்சை இங்கே எடுக்கப்போவதில்லை. சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்குள் பயன்படுத்திவிடு. பெட்ரோல் புள்ளிகளை நான் தொடவில்லை. நீ இருக்கும் டேட்டனிலிருந்து இங்கே வர ஒரு டேங்க் போதும்.

அம்மா