அத்தாவின் டீசல் காருக்கு சிந்தடிக் ஆயில்

என் பாசத்துக்குரிய அத்தா,

அங்கே நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அடுத்த வரியைப் படிக்கும் வரைக்குமாவது. உங்கள் டீசல் காருக்கு சிந்தடிக் ஆயில் மாற்றிவிட்டோம். எழுந்திரிக்க வேண்டாம், முழுசாகக் கேளுங்கள்.

"பேர்லயே சிந்துதுன்னு இருக்கு. பழைய இன்ஜின்ல ஊத்துனா சிந்தாம என்ன செய்யும்?" என்று மெக்கானிக் சேகரண்ணனை எத்தனை முறை விரட்டியிருப்பீர்கள்! பிரியாணி அடுப்பில் ஒருமுறை காய்ந்த எண்ணெயை மறுநாள் தொடவிடாத மனுஷர், இன்ஜினில் மட்டும் பழசின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஓட்டினீர்கள். அது என்ன நியாயம், அத்தா?

இப்போது காரை ஓட்டுவது அம்மா. ஆமாம், நம்ம அம்மாதான். கல்யாண ஆர்டர் வந்தால் அண்டாக்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நீங்கள் ஹாரன் அடிப்பீர்கள். அம்மா முறைக்கிறார், லாரியே ஒதுங்குகிறது. டிரைவர் சீட்டை மட்டும் முன்னால் தள்ள மறுக்கிறார். நீங்கள் வைத்த இடத்திலேயே அது இருக்கிறது. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு, எட்டாத காலை எட்டி எட்டி மிதித்து ஓட்டுகிறார்.

ஆனால் நீங்கள் கண்ணை மூடிய இந்த ஒன்பது மாதத்தில் வண்டி வெள்ளனக் குளிரில் கிளம்ப அழுதது. இருமல், கடகட சத்தம், தெரு முழுக்கப் புகை. பழனியில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வாரம் தவறாமல் போன் செய்தார். சேகரண்ணனோ, சிந்தடிக் ஆயில் குளிரிலும் சீக்கிரம் இன்ஜினுக்குள் மேலே ஏறும், இன்ஜின் லேசாகக் கிளம்பும் என்றார். நான் அம்மாவைப் பிடித்து நச்சரித்தேன்.

"ஒங்க அத்தா வேணாம்னதை ஊத்தப் போறோம். ஒரு சொட்டு ஒழுகுனாலும் பழனிக்காரருக்குத் தூக்கிக் குடுத்துருவேன். மறுபேச்சு கெடையாது," என்றார் அம்மா.

ஆயில் மாற்றிய ஆறாம் நாள் காலையில் காருக்கு அடியில் ஒரே ஒரு சொட்டு. யாரும் பார்க்கவில்லை. பேப்பரால் துடைத்துவிட்டேன். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், அம்மா இதைப் படித்தால் தொலைந்தேன்.

ஏழாம் நாள் மூன்று சொட்டு. அன்றைக்கு என்று பார்த்து ரெட்டியார்சத்திரத்தில் கல்யாண ஆர்டர். சொன்னால் கார் போய்விடும். சொல்லாவிட்டால், நடுரோட்டில் எண்ணெய் தீர்ந்து இன்ஜின் இறுகி, அண்டாக்களோடு அம்மா நிற்பார். நேராக அம்மாவிடம் போனேன்.

"அம்மா, ஆயில் ஒழுகுது."

"போடி. போன வருஷம் காப்பி டிகாஷனக் கீழ ஊத்தி, ஒங்க அத்தாவ அரைமணி நேரம் வண்டிக்கடியில படுக்க வச்சியே, அதேதானே?"

"இல்லம்மா, நெசமாவே."

அம்மா குனிந்து பார்த்தார். "ஊத்துன எண்ணெய் தேன் மாதிரி இருந்துச்சு. இது தார் மாதிரி இருக்கு. ஒரு வாரத்துல எப்படிடி இம்புட்டுக் கறுக்கும்? யாருகிட்ட?"

என் பழைய வாலுத்தனமே என் காலைச் சரியாக வாரியது, அத்தா. விரலால் தொட்டு அம்மாவின் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்ததும் சேகரண்ணனுக்குப் போன் போட்டார்.

அண்டாக்கள் லோடு ஆட்டோவில் போயின. சேகரண்ணன் வந்து வண்டிக்கடியில் நுழைந்தார். அவருடைய கால்களிடம்தான் அம்மா கேட்டார்: "பழைய எண்ணெயவா ஊத்துன, தம்பி?"

"அட, ஏங்க்கா! டீசல் இன்ஜின்ல எந்த ஆயிலும் சீக்கிரம் கறுத்துரும். கரியச் சுமந்துக்கிட்டு வர்றதுதான அதுக்கு வேலை?"

"அப்ப ஒழுகுறது?"

"எண்ணெயப் புடிச்சு வைக்கிற ரப்பர் சீல் எப்பவோ காஞ்சு போச்சுக்கா. அதுல அழுக்கு அப்பி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இது அழுக்கக் கழுவிருச்சு, வழி தெறந்துருச்சு."

"அவுக சொன்னது சரியாப் போச்சே."

"பாய் சொன்னது சரிதான். ஆனா சீல மாத்துனா நிக்கும்னு நான் சொல்றதுக்குள்ள வெரட்டிருவாரே!"

அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போன பிறகு வாசல் வரை கேட்ட முதல் சிரிப்பு அது. சரியாக அப்போது பழனிக்காரர் போன்.

"ஏனுங்க, வண்டியக் குடுக்கிறீங்களா?"

"ஒழுகுதுங்க."

"பரவால்லீங்க, அப்படியே எடுத்துக்கிறேனுங்க."

"ஒழுகுற வண்டிய நாங்க யாருக்கும் குடுக்குறதில்ல."

"சரி பண்ணினப்புறம் வரட்டுங்களா?"

"ஒழுகாத வண்டிய எதுக்குங்க குடுக்கணும்?"

அவர் அப்புறம் கூப்பிடவே இல்லை.

சீல் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அடியில் விரித்த அட்டை சுத்தமாக இருக்கிறது. ஒரே திருப்பில் கிளம்புகிறது, புகையும் குறைந்திருக்கிறது. பழைய அழுக்கெல்லாம் இதில் கரைந்து வருவதால் இந்த ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டுமாம். நீங்கள் இருந்தால் இதற்கு என்ன சொல்லி விரட்டியிருப்பீர்கள்?

கவலைப்படாதீர்கள், அத்தா. அம்மா சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கம்பியை உருவி ஆயில் அளவைப் பார்ப்பேன். இனி ஒரு சொட்டு விழுந்தாலும், அந்த முதல் சொட்டிலேயே சொல்லிவிடுவேன்.

துஆவுடன்,
உங்கள் வாலு மகள்
ஷமீமா