பிழைதிருத்தத்தில் ஆறாவது வரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே ‘விடும்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். அப்பாவுக்குப் புதுப் பல் செட் வந்துவிட்டது, போட்டுக்கொண்டால் பேச்சு வரவில்லை, கழற்றினால் சாப்பாடு இறங்கவில்லை, ஆகையால் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. சமையலறைக் கூரையில் அந்த ஒழுக்கு அப்படியேதான் இருக்கிறது, வருகிறேன் என்று சொன்ன கொத்தனார் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. அச்சாகி முடிந்த பெரிய பாரத் தாள்களை மடித்துத் தைத்து அட்டை ஒட்டுவது என் வேலை, உனக்குத் தெரிந்ததுதான். மடிக்கும்போது பக்க எண்ணைத்தான் பார்ப்பேன், எழுத்தைப் படிக்க நேரம் இருக்காது. ஆனால் இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் செட், செட் என்றே இருந்தது. செட் என்ற ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் எத்தனை இடத்தில் எத்தனை விதமாக வருகிறது என்று முழுப் புத்தகம். டீ செட், டி.வி. செட், பம்ப் செட், சினிமாவுக்குப் போடும் செட், அலாரம் செட் பண்ணுவது, பசை செட் ஆவது, இரண்டு பேருக்குள் செட் ஆகாமல் போவது, நாலு பேர் செட்டு சேர்ந்து ஊர் சுற்றுவது, அப்செட், செட்டப், நாங்கள் ஓட்டும் ஆப்செட் மிஷின் வரைக்கும். எனக்குக் கை நின்றுவிட்டது. அட்டையைத் தேடிப் பார்த்தேன். உன் இங்கிலீஷ் சார் பெயர்.

நீ மறந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சொல்லை எடுத்து அதன் உபயோகங்களை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நீ செட் என்ற சொல்லை எடுத்தாய். அச்சகத்தில் வெட்டி விழுந்த தாளை வைத்து நான் ஒரு நோட்டு தைத்துக் கொடுத்தேன். மெக்கானிக்கிடம், தையல்காரரிடம், முடிவெட்டும் கடையில், ரேடியோ ரிப்பேர் கடையில் என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்டு எழுதினாய், அறுபத்திரண்டு வந்தது. அதை அந்த மனிதர் என்ன செய்தார்? சிவப்பு மையில் கடைத்தெரு இங்கிலீஷ் என்று எழுதி, உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றி ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தார். நோட்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றைக்குப் போன குரல் உனக்கு இன்னும் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் லேபுக்கே பொறுப்பாக இருக்கிறாய், கூட்டம் என்று வந்தால் நீ எழுதிய அறிக்கையைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாய் என்று மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். அவர்மேல் கோபப்படாதே, கவலையில் சொன்னார்.

ஒருவேளை உன் சாரே யோசித்து எழுதியிருக்கலாம், சொல் பொதுச்சொல்தானே என்று நானும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நாலாவது பாரத்தை மடிக்கும்போது அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. பம்ப் செட், பல் செட், அதற்கு அடுத்து மழை செட். நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் குடை, அப்பாவின் ரெயின்கோட், தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பை மூன்றும் தொங்குமே, அதற்கு அப்பா வைத்த பெயர். இந்த உலகத்தில் நம் மூன்று பேரைத் தவிர யாரும் மழை செட் என்று சொன்னது கிடையாது. அதற்குக் கீழே ‘மழைக்காலப் பொருள்களின் தொகுதி, மக்கள் வழக்கு’ என்று விளக்கம் வேறு. தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

அப்படியும் அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன், அதை நீ நினைவில் வைத்துக்கொள். மாதிரிப் பிரதி பார்க்க வந்தபோது, ‘சார், இந்த மழை செட் உங்களுக்கு எங்க கெடைச்சுது’ என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஒரு மாணவி எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீதியை முழுங்கிக்கொண்டு மடித்துக் கொடுத்திருப்பேன். என்னை அடையாளம் கூடத் தெரியவில்லை அவருக்கு. ‘அதெல்லாம் பல வருஷ ஆராய்ச்சிம்மா, ஒங்களுக்குப் புரியாது, நீங்க ஒட்டுற வேலையப் பாருங்க’ என்றார். சரி என்றேன். ஒட்டுகிற வேலையைத்தான் பார்த்தேன்.

அச்சான பிறகு அவர் கண்ணில் ஐந்து பிழைகள் பட்டன. பிழைதிருத்தம் என்று சின்னத் துண்டுத்தாள் போட்டு முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். பக்கம், உள்ளது, இருக்க வேண்டியது என்று மூன்று கட்டம், ஐந்து வரி. அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் பெண்ணிடம் போய் ஆறாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பக்கம்: அட்டை. உள்ளது என்ற இடத்தில் அவர் பெயர். இருக்க வேண்டியது என்ற இடத்தில் உன் பெயர், ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ‘எழுத்துப்பிழை எதுவும் இல்லையே ஆன்ட்டி, ஒரு தடவ பாத்துடுங்க’ என்று மட்டும் கேட்டாள். இந்த மாதிரித் துண்டுக்கு வழக்கமாக ஓரத்தில் நூல் அளவுதான் பசை தடவுவோம், பிடிக்காதவர்கள் உரித்துக்கொள்ளலாம். நான் அட்டைக்குப் போடும் பசையை எடுத்து முதுகு முழுக்கத் தடவினேன். முந்நூறு பிரதி, இரண்டு மத்தியானம், யாரையும் தொட விடவில்லை. இனி அதை எடுக்க வேண்டும் என்றால் பக்கத்தோடுதான் கிழிக்க வேண்டும்.

வெளியீட்டு விழா உன் பள்ளிக்கூட ஹாலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தலைமை தாங்கியவர் ஒரு கல்லூரி முதல்வர், பாவம், புத்தகத்தை முன்கூட்டிப் படிக்காமல் வந்துவிட்டார் போலிருக்கிறது. மேடையில் முதல் பக்கத்தைத் திறந்தவர், தன் பிழைகளைத் தானே சொல்லும் நேர்மை எத்தனை பேருக்கு வரும் என்று பாராட்டி, மைக்கில் வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தார். ஆறாவது வரியையும் அதே குரலில் வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கே உறைத்தது. உன் சார் எழுந்து, அச்சகத்தில் யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல், ‘இல்ல சார், அது அவளோட நோட்டுதான், நான் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன், நீங்கதான் வாங்கி வச்சுக்கிட்டீங்க’ என்று. யார் என்று பார்த்தால் உன் பெஞ்சுக்காரி, இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறாள். எழுந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஐயோ பாவம் என்று ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை, தோன்றியதாக எழுதினால் அது பொய்.

மறுநாள் முதலாளியம்மா கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் செய்தேன் என்றேன், கம்ப்யூட்டரில் அடித்த பெண்ணின் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. ‘ஒங்க வேதனை எனக்குப் புரியுதுக்கா, ஆனா நம்மள நம்பித்தானே புத்தகத்தக் குடுக்கறாங்க’ என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தாள் மடிக்கும் எலும்புக் கத்தி மட்டும் என்னுடையது, அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா அன்றைக்குப் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னைத் திட்டினார், ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை.

இப்போதுதான் நீ கவனிக்க வேண்டிய இடம். முந்தாநாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் உன் நோட்டு, நான் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்களாம், பழைய மாணவர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். நீ மட்டும் ‘நோட்டை நானாகத்தான் சாருக்குக் கொடுத்தேன்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், முதலாளியம்மாவிடம் அவரே பேசி என்னை மறுபடி வேலைக்குச் சேர்த்துவிடுவாராம். உன் நம்பர் கேட்டார். நோட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து வாருங்கள், நம்பர் தருகிறேன் என்று அனுப்பினேன். அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும்.

உன்னைப் பெற்றவள் நான், உன் மனசு எனக்குத் தெரியாதா. அவர் குரல் தழுதழுத்தால் ‘பரவாயில்ல சார்’ என்பாய். அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமே என்று எனக்காகவும் சொல்வாய். அதைச் செய்யாதே. என் வேலையைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம், மடிக்கத் தெரிந்த கைக்கு இந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு அச்சகம் இருக்கிறது. நான் பழிவாங்கியது என் பங்குக்கு. உன் பங்கு அப்படியே பாக்கி இருக்கிறது, அதை என்னால் செய்ய முடியாது.

குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. அவர் போன் வந்தால் பயந்து கட் பண்ணாதே, மாப்பிள்ளையிடமும் கொடுக்காதே. நீயே எடு. நான் கொடுக்கவில்லை, நீங்கள்தான் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று சொல். சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா